வெளிநாட்டுக்குப் பயிற்சியாளராகப் போகும் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளே, ஆடி முடித்த பிறகு பயிற்சியாளராகி வெளிநாட்டுக் கால்பந்து அணியை நடத்த வேண்டும் என்கிறீர்கள். நல்ல ஆசை. அந்த வழியில் போய்ச் சாதித்த இருவரை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஒருவர், நெதர்லாந்திலிருந்து தென்கொரியா போன கூஸ் ஹிடிங்க். மற்றவர், கொரியாவில் அவருக்கு உதவியாளராக இருந்து, பின்னால் வியட்நாம் போன பார்க் ஹாங்-சியோ.

1. ஆடிய காலத்துப் பெயரை நம்பிப் போகாதீர்கள். ஹிடிங்க் உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் அல்ல. டி கிராஃப்ஸ்காப் என்ற சிறிய கிளப்பில் ஆடியவர், அங்கேயே உதவிப் பயிற்சியாளராகவும் தொழில் பழகினார். 1988-ல் பி.எஸ்.வி. ஐந்தோவன் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அவர்தான் பயிற்சியாளர்.

2. லைசென்ஸை ஆடும்போதே எடுக்கத் தொடங்குங்கள். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் சி, பி, ஏ, ப்ரோ என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற முடியும். பூட்ஸைக் கழற்றிய பிறகு ஆரம்பித்தால் வேலை தேடும் வயதில் வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள்.

3. போகிற ஊரின் பழக்கத்தைப் படியுங்கள். ஆட்டத்துக்கு இடைஞ்சலானதை மட்டும் மாற்றுங்கள். கொரியாவில் இளையவர் மூத்தவரை மரியாதைச் சொல் சேர்த்துத்தான் அழைப்பார். பந்து கேட்டுக் கத்த வேண்டிய நொடியில் அந்தத் தயக்கம் கெடுதல். மைதானத்தில் எல்லோரும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றார் ஹிடிங்க். மரியாதையை அவர் ஒழிக்கவில்லை, கோட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னார்.

4. ஏச்சுக்கு அஞ்சாதீர்கள். 2001-ல் பிரான்ஸிடமும் செக் குடியரசிடமும் கொரியா 5-0 என்று தோற்றது. ஹிடிங்கை 'ஐந்துக்குச் சுழி' என்றே ஊர் கேலி செய்தது. அவர் உடல்தகுதிப் பயிற்சியை விடவில்லை. அதற்கு முன் உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத நாடு, 2002-ல் போலந்து, போர்ச்சுகல், இத்தாலி, ஸ்பெயின் அணிகளைத் தாண்டி நான்காம் இடம் பிடித்தது.

5. உதவியாளர் பதவியைக் குறைவாக நினைக்காதீர்கள். அந்த 2002 அணியில் பார்க் உதவிப் பயிற்சியாளர். 2017-ல் வியட்நாம் அழைத்தபோது அவர் உள்நாட்டில் மூன்றாம் நிலை லீக் அணி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். 2018 ஜனவரியில் சீனாவின் சாங்ஜோவில், கொட்டும் பனியில், வியட்நாம் இளைஞர் அணி ஆசிய இறுதிப் போட்டி ஆடியது. அதில் தோற்றாலும், அந்த வருடக் கடைசியில் தேசிய அணி தென்கிழக்காசியக் கோப்பையைப் பத்தாண்டுக்குப் பிறகு வென்றது.

6. பாஷை தெரியாவிட்டாலும் அக்கறை தெரியட்டும். வீரர் ஒருவரின் பாதத்தைப் பார்க் தன் கையால் பிடித்துவிடும் வீடியோ வியட்நாம் முழுக்கப் பரவியது. மொழிபெயர்ப்பாளர் சொல்ல முடியாததை அந்தக் கை சொன்னது.

7. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். சம்பளம், வீடு, பயணச்சீட்டு, இடையில் நீக்கினால் தரும் இழப்பீடு எல்லாம் அதில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சியாளர்களின் ஒப்பந்தங்களுக்கென்று ஃபிஃபா 2021 முதல் தனி விதிகள் வைத்திருக்கிறது. தகராறு வந்தால் கையில் இருக்கும் அந்தத் தாள்தான் பேசும்.

வியூகத்தை எந்த நாட்டிலும் கற்றுக்கொள்ளலாம். அந்த நாட்டு மனிதர்களைக் கற்றவர்தான் அங்கே நிலைப்பார். பெட்டி கட்டும் முன், உங்கள் ஊர்ப் பள்ளி அணி ஒன்றை ஒரு சீசன் முழுக்க நடத்திப் பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.