டான்சில் ரண சிகிச்சைக்குப்பின் வீடு திரும்பும் குழந்தை

குழந்தைக்கு டான்சில் எடுத்து, அன்று மாலையே வீட்டிற்கு அனுப்பும் முறை இன்று பல மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. புறநோயாளிகளாகக் குழந்தைகளுக்கு ரண சிகிச்சை செய்வது புதியதன்று. கிளாஸ்கோ நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் பத்தாண்டுகளில் இவ்வாறு நடைபெற்ற 8,988 சிகிச்சைகளைப்பற்றி ஜேம்ஸ் நிக்கல் என்னும் நிபுணர் 1909-ஆம் ஆண்டில் அறிவித்தார். சிறு குழந்தைகள் தாயின் பராமரிப்பில் நன்கு தேறுகின்றனர் என்பது அவர் கருத்து. ஆயினும், பராமரிப்போர் இயல்பான குறிகளையும் அபாயக் குறிகளையும் பிரித்தறிதல் வேண்டும்.

இயல்பான குறிகள்: ரணத்தின்மேல் வெண்படலம் படரும், அது சீழன்று. சில நாட்கள் வாய் நாறும். காதும் வலிக்கும், தொண்டைக்கும் காதிற்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதே இதன் காரணம். சில நாட்கள் சென்றபின் வலி மிகுவதும் உண்டு.

வலிக்கு அஞ்சிக் குழந்தை நீர் அருந்த மறுப்பின் தொண்டை உலர்ந்து வலி மேலும் மிகும். ஆகவே, மருத்துவர் எடைக்கேற்பக் குறித்த பாராசிடமால் மருந்தைத் தவறாது அளித்து, அரைமணி கழித்து உணவும் நீரும் கொடுக்கவேண்டும். ஆஸ்பிரின் கொடுத்தலாகாது. கோடீன் கலந்த மருந்தும் ஆகாது. சில குழந்தைகளின் உடலில் அது விரைந்து மார்பீனாக மாறிச் சுவாசத்தை அடக்கிவிடும். டான்சில் எடுத்த குழந்தைகளுக்கு அதனை அளிக்கலாகாதென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013-இல் கடுமையாக எச்சரித்தது.

அபாயக் குறிகளுள் தலையாயது ரத்தப்போக்கு. முதல் நாள் கடந்துவிட்டால் ஆபத்து நீங்கிற்று என எண்ணுதல் தவறு. பெரும்பாலும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையில், வெண்படலம் உதிரும்போது ரத்தம் கசியக்கூடும். உறக்கத்தில் குழந்தை அடிக்கடி விழுங்குதல், எச்சிலில் செந்நிறம், கரிய வாந்தி ஆகியவை இதன் அடையாளங்கள். குழந்தையை முன்குனிந்து உட்காரச் செய்து, ரத்தத்தை விழுங்காமல் உமிழச் செய்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். கசிவு தானே நின்றுவிட்டாலும் தாமதித்தல் கூடாது; அது பெரும் ரத்தப்போக்கின் முன்னறிவிப்பாக இருக்கலாம். சிறுநீர் மிகக் குறைதலும் கடுஞ்சுரமும் மருத்துவரிடம் தெரிவிக்கத்தக்கவை.

இந்நாட்களில் குழந்தை பள்ளிக்கு வந்துவிடுவதும் உண்டு. ஆசிரியர் சிகிச்சை நடந்த தேதியைக் கேட்டறிந்து, இரண்டு வாரம்வரை ஓட்டப் பந்தயம், உடற்பயிற்சி முதலியவற்றிலிருந்து விலக்கு அளிக்கவேண்டும். களப்பணியாளர் ஐந்தாம் நாளுக்கு முன்னரே வீட்டிற்குச் சென்று, இரவில் மருத்துவமனைக்குச் செல்ல வாகன வசதி உண்டா என்பதை உறுதிசெய்துகொள்ளல் நலம்.