வயற்காட்டில் புதுக்குடியா? ஐப்பசியில் கவனம்!

ஊரை விட்டு வயற்காட்டில் புதிதாகக் குடியேறிய விவசாயிகள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கவனமாக இருத்தல் வேண்டும். அடைமழையில் வளைகளில் நீர் புகுவதால் பாம்பு, தேள், பூரான் ஆகியவை மேட்டையும் வீட்டையும் நாடி வரும்.

எல்லாப் பாம்புகளும் நஞ்சுடையவை அல்ல. சாரைப்பாம்பு எலிகளைத் தின்று நெல்லைக் காக்கிறது. அதை அடித்துவிடக் கூடாது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் ஆகிய நான்குமே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். இவற்றுள் கட்டு விரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ இல்லாமலும் போகலாம். படுத்து எழுந்தவருக்கு வயிற்றுவலி ஏற்பட்டு, கண் இமைகள் சரிந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் சந்தேகிக்க வேண்டும்.

கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரத்தைப் பாயின் அடியில் செருகிக் கொள்வது நலம். வைக்கோலையும் விறகையும் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது. தானியம் சிந்திக் கிடந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். இரவில் வரப்பில் நடக்க டார்ச் விளக்கும் செருப்பும் அவசியம்.

பாம்பு கடித்தால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மேற்கண்ட நான்கின் நஞ்சுக்கும் முறிவு மருந்து ஒன்றே. எனவே, கடித்த பாம்பைத் தேடிக் காலத்தைக் கழிக்கக் கூடாது.