மைதானத்தில் பீடி, சிகரெட் வேண்டாம் – ஏன்?



ஒரு தீபாவளிக்கு, தோட்டமொன்றில் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் கிரிக்கெட் மெட்ச் நடந்தது. நாங்களும் போயிருந்தோம். ஓரத்துக் கல்லுகளில் ஆம்பிளைகள் உட்கார்ந்து புகைத்துக்கொண்டே பார்த்தார்கள். அவர்களின் காலடியில் தவழ்ந்த பிள்ளை ஒன்று எதையோ வாயில் போட்டு மென்றது. தாய் விரலை விட்டுத் தோண்டி எடுத்துப் பார்த்தால், சிகரெட் அடிக்கட்டை! பிள்ளை இரண்டு தரம் வாந்தி எடுத்தது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, அதோடு போயிற்று. அடிக்கட்டையில் மிஞ்சி நிற்கும் நிக்கொட்டின் சின்னப் பிள்ளைக்கு விஷம் என்பது அங்கே நின்ற பலருக்குத் தெரியாது.

இதைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும். "ஐயா, வெட்டவெளிதானே, காத்தோட போயிருமே?" நியாயமான கேள்விதான். லயக் காம்பராவுக்குள் புகைப்பதும் மைதானத்தில் புகைப்பதும் ஒன்றல்ல. வெளியில் சிகரெட்டை அணைத்தவுடன் புகை சீக்கிரம் கலைந்துவிடும். ஆனால் எரிந்துகொண்டிருக்கும்போது? அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் இதை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். புகைப்பவருக்கு இரண்டு அடி தூரத்துக்குள் இருப்பவர், வீட்டுக்குள் இருப்பவர் அளவுக்கே புகையைச் சுவாசிக்க நேரிடலாம். ஆறு அடிக்கு அப்பால் போனால் மிகவும் குறைவு. நம்ம மைதானத்தில் ஆறு அடி தள்ளி உட்காருபவர் யார்? மடியிலேயே பேரப்பிள்ளை இருக்கும். அந்தப் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் உண்டு. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. விறகடுப்புப் புகையிலும் பனியிலும் ஏற்கெனவே இழுப்பு வந்து கஷ்டப்படும் அம்மாமார் நம்மிடையே எத்தனை பேர்!

ஆனாலும் எங்கள் மனதை உறுத்துவது புகையைவிடப் பிள்ளைகளின் கண்தான். சிக்ஸர் அடிக்கிற அண்ணன் அவுட்டாகி வந்து முதலில் சிகரெட்டைப் பற்றவைத்தால், எல்லைக்கோட்டில் நிற்கும் பத்து வயதுப் பையன் மட்டையடியை மட்டுமா பழகுவான்? "ஓடிப்போய் ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா" என்று அவனையே கடைக்கு அனுப்புகிறோம். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். கடைக்கார முதலாளியையும் அல்லவா மாட்டிவிடுகிறோம்!

அதே சட்டம்தான், அதாவது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், அடைக்கப்பட்ட பொது இடங்களில் புகைப்பதையும் தடுத்தது. கூரையும் சுவரும் இல்லாத தோட்டத்து மைதானத்தை அந்தச் சொல் பிடிக்காது. அதனால் மைதானத்துக்கான கட்டுப்பாட்டை ஊரார்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் நடந்ததைப் பாருங்கள். நியூயோர்க் நகரில் 2011 மே 23 முதல் 1,700 பூங்காக்களிலும் 14 மைல் கடற்கரையிலும் புகைத்தல் தடை செய்யப்பட்டது. அபராதம் 50 டொலர். ஆனால் பொலிஸை விட்டுப் பிடிப்பது அவர்களின் எண்ணமல்ல. அறிவித்தல் பலகையைக் காட்டி ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்வார்கள் என்றே நம்பினார்கள்.

மேலே சொன்ன தோட்டத்திலும் அப்படித்தான் செய்தோம். தலைவர், மாதர் சங்கம், இளைஞர் கழகம் எல்லோரும் கூடினார்கள். பெரியவர் ஒருவர் எழும்பி, "நாள் முழுக்க மலையில கஷ்டப்பட்டு வாறோம், இதுவும் கூடாதா?" என்று கோபப்பட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்களும் பதினைந்து வருஷம் பீடி குடித்தவர்கள்தான், விட்டது லேசாக இல்லை. "குடிக்க வேணாம்னு சொல்லல்ல ஐயா, ரோட்டுப் பக்கம் போய்க் குடிங்க" என்றோம். ரோட்டோரத்தில் ஒரு பழைய டின்னில் மணல் போட்டு வைத்தோம், அடிக்கட்டை போட. முதல் மாதம் மூன்று பேருக்கு ஞாபகப்படுத்த வேண்டி வந்தது. பிறகு பிள்ளைகளே, "தாத்தா, டின் அங்க இருக்கு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கோபப்பட்ட அந்தப் பெரியவர் இப்போது மெட்ச் முடியும்வரை எழும்புவதே இல்லை. ரோட்டுக்கு நடக்கப் பஞ்சி என்கிறார்!

உங்கள் டிவிஷனிலும் செய்ய விருப்பமென்றால் அடுத்த சம்பள நாளுக்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். பலகையும் பெயின்டும் நாங்கள் தருகிறோம். அழகாக எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்றை மட்டும் நீங்கள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.