ரேடியோவில் நாலு பாகை, புல்லின் மேல் ஐஸ்

தை மாதம் பிறந்தால் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பேச்சு கட்டாயம் எழும். காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகிற வழியில் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெளுத்துக் கிடக்கும். காலை வைத்தால் நொறுநொறு என்று சத்தம் கேட்கும். அன்றைய செய்தியில் "நுவரெலியாவில் ஆகக் குறைந்த வெப்பநிலை 4 பாகை செல்சியஸ்" என்று சொல்லியிருப்பார்கள். தண்ணீர் உறைவது சைபர் பாகையில் என்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அப்படியானால் நாலு பாகையில் ஐஸ் எங்கிருந்து வந்தது?

"அவங்க கொழும்புல ஒக்காந்துகிட்டு சொல்றாங்க. நம்ம குளிரு அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்று லயத்தில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் செய்தியில் சொன்னதும் சரி, நம் கண் கண்டதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்பதுதான் இன்றைய பாடம். இது தெரிந்தால் மற்ற நாடுகளின் குளிரையும் வெயிலையும் நம்முடையதோடு ஒப்பிடலாம். நம் உடம்பையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளவும் உதவும்.

வெப்பமானி எங்கே இருக்கிறது?

வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பமானி வெயிலில் தொங்குவதில்லை, தரையில் கிடப்பதுமில்லை. காற்றுப் புகும்படி செய்த வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், தரையிலிருந்து ஏறக்குறைய நாலு அடி உயரத்தில் இருக்கும். உலகம் முழுவதும் இந்த முறையில்தான் அளக்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி அளந்தால்தானே ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடியும்?

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி மூடிக் காக்கும். மேகம் இல்லாத இரவில் தரையும், அதை ஒட்டிய காற்றும்தான் முதலில் குளிரும். குளிர்ந்த காற்று பாரமானது. அது தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். அதனால்தான் நாலு அடி உயரத்தில் 4 பாகை இருக்கும்போதே புல் நுனியில் சைபருக்குக் கீழே போய்விடுகிறது. ஆற்றோரத்து மலையிலும் பள்ளத்திலும் கொழுந்து முதலில் கருகுவதற்கும், மேட்டு மலை தப்பிக்கொள்வதற்கும் காரணம் இதுதான்.

ஜப்பானில் ஷிசுவோக்கா என்ற இடத்துத் தேயிலைத் தோட்டங்களில் உயரமான கம்பங்களில் மின்விசிறி பூட்டியிருக்கிறார்கள். வெயிலுக்காக அல்ல, உறைபனிக்காக! மேலே இருக்கிற கொஞ்சம் சூடான காற்றைக் கீழே தள்ளிக் கொழுந்தைக் காப்பாற்றுகிறார்கள். நம் பக்கத்தில் அந்த வசதி இல்லை. பனியில் கருகிய செடி மறுபடி துளிர்க்கும்வரை கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் கைக்கு வரும் காசும் குறையும். ஆகவே இந்த நாலு பாகை நம் வயிற்றோடு சம்பந்தப்பட்டது.

கொழும்பும் நுவரெலியாவும் ஒரே கோட்டில்

உலகப் படத்தை விரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கொழும்பும் நுவரெலியாவும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒரே அளவு தூரத்தில், 7 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே சூரியன். ஆனால் கொழும்பின் வருடச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 பாகை, நுவரெலியாவில் 16 பாகை. இந்த வித்தியாசத்துக்கு முக்கிய காரணம் உயரம்.

மேலே போகப் போகக் காற்று மெலிந்து குளிரும். 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். நம் பெரியவர்கள் அடிக் கணக்கில்தான் பேசுவார்கள். அவர்களுக்குச் சொல்வதானால், ஆயிரம் அடிக்கு இரண்டு பாகை என்று வைத்துக்கொள்ளலாம். நுவரெலியா 1,868 மீற்றர், அதாவது 6,100 அடிக்கு மேல். ஆறு ஆயிரத்துக்கு 12 பாகை. 27-இல் 12 போனால் 15. உண்மையான சராசரிக்கு ஒரு பாகைதான் வித்தியாசம்! ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர். அங்கே கணக்குப்படி 19 பாகை வரும்.

மற்ற நாடுகளில் எப்படி?

கீட்டோ (தென்னமெரிக்கா, எக்குவடோர்): பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உயரம் 2,850 மீற்றர். வருடம் முழுக்க நம் நுவரெலியாவைப் போலக் குளிர்.

கெரிச்சோ (ஆபிரிக்கா, கென்யா): ஏறக்குறைய 2,000 மீற்றர் உயரத்தில் தேயிலை விளையும் ஊர். அங்கும் வருடம் முழுவதும் கொழுந்து பறிக்கிறார்கள்.

ஊட்டி (நீலகிரி): 2,240 மீற்றர். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் உறவுகள் பலர் போய்க் குடியேறிய மாவட்டம். நம்மைவிட உயரம், நம்மைவிட வடக்கு. மார்கழி, தையில் உறைபனி அங்கே வழக்கமான விருந்தாளி.

டார்ஜிலிங் (வட இந்தியா): உயரம் ஏறக்குறைய 2,000 மீற்றர்தான். ஆனால் பூமத்திய ரேகையிலிருந்து 27 பாகை வடக்கே தள்ளியிருக்கிறது. குளிர்காலத்தில் தேயிலைச் செடி உறங்கிவிடும், அந்த மாதங்களில் கொழுந்து இல்லை. மார்ச்சில் வரும் முதல் கொழுந்துக்கு உலகச் சந்தையில் பெரிய மவுசு.

லண்டன்: கடல் மட்டத்துக்குப் பக்கம். ஜனவரிச் சராசரி ஏறக்குறைய 5 பாகை, ஜூலையில் 19.

டொரண்டோ (கனடா): ஜனவரிச் சராசரி சைபருக்கும் கீழே ஏறக்குறைய 4 பாகை, ஜூலையில் 22.

குவைத்: ஜூலைப் பகலில் 45 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அந்த நாட்டில் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21-இல் 53.9 பாகை பதிவானது.

இந்த வரிசையிலிருந்து இரண்டு விஷயம் விளங்கும். உயரம் கூடினாலும் குளிர், பூமத்திய ரேகையை விட்டுத் தள்ளிப் போனாலும் குளிர். ஆனால் இரண்டும் ஒரே குளிர் அல்ல. லண்டனிலும் டொரண்டோவிலும் குளிருக்கென்று மாதங்கள் உண்டு. நமக்கு மாதத்துக்கு மாதம் சராசரி இரண்டு, மூன்று பாகைதான் மாறும். பகலுக்கும் இரவுக்கும் இடையிலோ பத்துப் பாகை வரை வித்தியாசம் வரும். நமக்கு ஒவ்வொரு ராத்திரியும் ஒரு சின்னக் குளிர்காலம்.

எண் சின்னது, குளிர் பெரிது

"கனடாவில சைபருக்கும் கீழயாம், நம்மளுக்கு எட்டுத்தானே, இது என்னா குளிரு?" என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் டொரண்டோவில் இருப்பவர் தடித்த சுவரும் சூடாக்கும் இயந்திரமும் உள்ள வீட்டுக்குள் தூங்குகிறார். வெளியே சைபருக்குக் கீழே இருந்தாலும் வீட்டுக்குள் 20 பாகை. நம் பழைய லயத்துக் காம்பராவில் தகரக் கூரை, கதவிடுக்கில் காற்று, ஈரத் தரை. வெளியே எட்டு என்றால் உள்ளேயும் அதற்குக் கொஞ்சம்தான் மேலே.

அதோடு நாம் நனைகிறோம். ஈரத் துணி உடம்புச் சூட்டை வெகு வேகமாக இழுத்துவிடும். காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். 15 பாகையில் நனைந்துகொண்டு கொழுந்து எடுப்பவருக்கு, 5 பாகையில் காய்ந்த கோட்டுப் போட்டு நடப்பவரைவிடக் குளிர் அதிகம். ஆகவே மலையிலிருந்து வந்ததும் தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னால் ஈர உடுப்பை மாற்றுங்கள். கைக்குழந்தைக்குத் தலையையும் காலையும் மூடுங்கள்.

இன்னொன்றை மிக முக்கியமாகச் சொல்கிறோம். குளிருக்காகக் கரி அடுப்பைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். தலைவலி, மயக்கம், வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

வெயிலிலும் இதே கதைதான். நம் பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார்கள். அங்கே 32 பாகை என்று சொன்னாலும் உடம்புக்கு அதைவிடச் சூடாகத் தெரியும், ஏனென்றால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காய்வதில்லை. குவைத் போன்ற வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே பல நாடுகளில் கோடையில் நடுப்பகல் நேரம் திறந்த வெளியில் வேலை வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. மலைக் குளிரில் வளர்ந்த உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழக நாள் எடுக்கும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

மழைக்கும் ஒரு கணக்கு

லண்டனை மழை ஊர் என்று சொல்வார்கள். அங்கே வருடம் முழுவதும் பெய்வது ஏறக்குறைய 600 மில்லிமீற்றர். நம் வட்டவளையில் ஏறக்குறைய 5,000! லண்டனில் தூறிக்கொண்டே இருக்கும், நமக்கோ கொட்டித் தீர்க்கும்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் கூரையில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 1,600 லீற்றருக்கு மேல் விழுகிறது. லண்டனுக்கு அது மூன்று மாத மழை, நமக்கு ஒரே நாளில் வந்துவிடும். அவ்வளவு தண்ணீரையும் லயத்துக்கு மேலே இருக்கிற மலை குடிக்கிறது. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையிலும் மலையகத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் பெய்த மழையை வைத்து எச்சரிக்கை தருகிறது. 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால் ஆபத்தான இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குதல் அல்லது நின்றுபோதல், இவற்றில் ஒன்றைக் கண்டால் மில்லிமீற்றர் கணக்குப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளையும் வயசாளிகளையும் கூட்டிக்கொண்டு உடனே இடம் மாறுங்கள். சாமான் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே செய்தியில் சொல்லும் எண்ணைக் கேலி செய்யவும் வேண்டாம், அதோடு நின்றுவிடவும் வேண்டாம். "இது எந்த இடத்தில் அளந்தது, நம் லயம் மேட்டிலா பள்ளத்திலா, இன்றைக்கு மேகம் உண்டா, காற்று உண்டா, மேலே மலை எப்படி இருக்கிறது?" என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பாதி எண் ரேடியோவில் இருக்கிறது, மீதி நம் வாசலில் இருக்கிறது.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்க்க:

1. உங்கள் தோட்டம் எத்தனை அடி உயரம் என்று ஸ்டோரிலோ பாடசாலையிலோ கேளுங்கள். 27-இலிருந்து ஆயிரம் அடிக்கு இரண்டு பாகை கழித்தால் உங்கள் ஊரின் சராசரி என்ன?

2. உங்கள் டிவிஷனில் பனி முதலில் விழுவது எந்த நம்பர் மலையில்? அது மேடா, பள்ளமா?

3. நேரான சுவருள்ள வெறும் டின்னை மழையில் திறந்த வெளியில் வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் தண்ணீரின் உயரத்தை அடிக்கோலால் அளந்து எழுதுங்கள். 75-ஐத் தாண்டினால் அதைப் பாடமாக மட்டும் நினைக்காதீர்கள், பக்கத்து லயத்துக்கும் ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.