தம்பியோட இன்டர்ன்ஷிப்புக்கு நீங்க பணம் கட்டணுமா?

சம்பளம் வந்த ரெண்டாவது நாள், இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிற தம்பி போன் பண்றான்: "அண்ணா, இன்டர்ன்ஷிப்புக்கு ஆறாயிரம் கட்டணும்." காஞ்சிபுரத்துல வீட்டுக்கு முதல் சம்பளக்காரரா நீங்க இருந்தா, இந்த போன் உங்களுக்கும் வந்திருக்கும். ஜிபே பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

ஏஐசிடிஇ 2018-ல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் கட்டாயம். எல்லாருக்கும் சான்றிதழ் வேணும், ஆனா எல்லாருக்கும் கம்பெனியில் இடம் கிடைக்கிறதில்ல. அந்த இடைவெளியிலதான் சான்றிதழ் வியாபாரம் நடக்குது. நாலு வீடியோ, ஒரு ரெடிமேட் ப்ராஜெக்ட், கடைசியில் ஒரு பிடிஎஃப். கிரெடிட் வந்துடலாம். இன்டர்வியூவில் "அங்க நீ என்ன செஞ்ச?"ன்னு கேட்டா என்ன சொல்லுவான்?

என்னைக் கேட்டா, பணம் வாங்கிட்டு பாடம் நடத்தினா அதுக்குப் பேர் கோர்ஸ். பிடிச்சா சேரட்டும். இன்டர்ன்ஷிப்னா நம்ம செலவு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் இருக்கணும்.

அந்தக் கணக்கையும் போடுவோம். வாலாஜாபாத் தாண்டி ஒரகடம் போனா ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். அங்க இடம் கிடைக்கலைன்னா, இவங்களுக்குப் பாகம் செஞ்சு தர்ற சின்ன யூனிட்டுகள்ல நேர்ல போய்க் கேட்கட்டும். தினம் 150 ரூபாய்னு வச்சாலும் 24 வேலை நாளுக்கு 3,600. ஒரு பாகம் ஏன் ரிஜெக்ட் ஆகுதுன்னு சூப்பர்வைசர் பக்கத்துல நின்னு பார்ப்பான். கோர்வைச் சேலை தறியில, கரைக்கு நாடா தள்ளிவிட பக்கத்துல உட்கார்ந்தே தொழில் கத்துக்கிட்ட ஊர்தானே நம்மது!

டிகிரி முடிச்சுட்டான்னா என்ஏடிஎஸ் போர்ட்டல்ல பதிவு பண்ணி அப்ரண்டிஸா சேரலாம். 2019 விதித்திருத்தம் பட்டதாரிக்கு மாசம் குறைஞ்சது 9,000, டிப்ளமோவுக்கு 8,000னு நிர்ணயிச்சது. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏத்துக்கும். ஆனா அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தவங்களுக்கு பிஎஃப் கிடையாது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியா, பலரும் கோட்டை விடுற விஷயம். சில கம்பெனிகள் ஸ்டைபண்டைத் தொழில்முறைக் கட்டணம்னு கணக்கு காட்டி 10% டிடிஎஸ் பிடிப்பாங்க. ஒரே நிதியாண்டுல 20,000 வீதம் ஆறு மாசம்னா மொத்தம் 1,20,000, அதுல 12,000 போயிடும். வேற வருமானம் இல்லாத பையனுக்கு வரியே வராது. ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா முழுசும் ரீஃபண்ட். பான் கொடுக்கலைன்னா பிடிக்கிறது 20% ஆயிடும், திரும்ப வாங்குறதும் சிக்கல். அதனால தம்பிகிட்ட பான் கார்டு இருக்கான்னு இன்னிக்கே கேளுங்க.