நுண்செயலிகள் ஆண்டுதோறும் மாற வேண்டுமா?

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, பழைய மடிக்கணினி ஒன்றைத் துணியில் சுற்றிப் பள்ளிக்கு எடுத்து வந்தாள். அவளுடைய சித்தி மேல்நிலை வகுப்பில் படித்தபோது அரசு வழங்கியது அது. அந்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று, அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா தொடங்கிவைத்த இடம் நம் மாவட்டத்துக் காக்களூர். இங்கிருந்து சென்னை இரயிலில் ஏறினால் திருவள்ளூரை அடுத்து இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தோழியின் தந்தை பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுபவர். பழுது பார்க்கும் கடைக்காரர், "பிராசசர் ரொம்பப் பழசு, புதுசா வாங்கிடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். பிராசசர் என்று அவர் சொன்னது, கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றும் நுண்செயலியை. இதைக் கேட்ட எங்கள் கணிப்பொறி ஆசிரியையான சிஸ்டர், "உற்பத்தியாளர்கள் இதை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டுமா, வேண்டாமா? படித்துவிட்டு வந்து பேசுங்கள்" என்றார். வகுப்பு இரண்டுபட்டது.

மாற்றம் வேண்டும் என்றவர்களிடம் நல்ல சான்றுகள் இருந்தன. 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள். 2020இல் வந்த ஆப்பிள் எம்1 செயலியில் 1,600 கோடி! ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று கார்டன் மூர் 1975இல் கணித்தது நெடுநாள் பலித்தது. போட்டி இல்லாவிட்டால் தேக்கம் வரும் என்பதும் உண்மையே. பல ஆண்டுகளாகச் சாதாரண மேசைக் கணிப்பொறிகளுக்கான இன்டெல் செயலிகள் நான்கு உட்கருக்களைத் தாண்டவில்லை. 2017 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனம் எட்டு உட்கருக்களுடன் ரைசனைக் கொண்டு வந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே இன்டெல்லின் நான்கு, ஆறாகிவிட்டது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2015இல் வந்த ஆறாம் தலைமுறை முதல் 2020இல் வந்த பத்தாம் தலைமுறை வரை, மேசைக் கணிப்பொறிக்கான இன்டெல் செயலிகளின் அடிப்படை அமைப்பு ஒன்றே; அதே 14 நானோமீட்டர் தயாரிப்பு முறைதான். உட்கருக்கள் கூடின, வேகம் சற்றுக் கூடியது. நான்கு முறை தலைமுறை எண் ஏறியது. பாத்திரம் பழையது, ஈயம் மட்டும் புதிது. பெரிய எண்ணைக் கண்டு கடன் வாங்கும் பெற்றோருக்கு இதை யார் சொல்வார்கள்?

எங்களை அதிகம் உறுத்தியது வேறு. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. பதிவு செய்துகொள்வோருக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களும் இவ்விதம் ஒரே நாளில் முதியவை ஆயின. புதிய செயலி ஆண்டுக்கொன்று வரட்டும், அதனால் நமக்கு நட்டமில்லை. பழையதை எத்தனை ஆண்டு தாங்குவோம் என்று விற்கும்போதே பெட்டியின்மேல் அச்சிட வேண்டும் என்பது எங்கள் முடிவு. மருந்துப் பட்டையில் காலாவதி நாள் இருக்கிறதே! இந்த இடத்தில் இரு தரப்பும் ஒன்றுபட்டோம் (கடைசி இருக்கைத் தோழியர் மூவர் மட்டும் இன்னும் இசையவில்லை).

சரி, சித்தியின் மடிக்கணினி என்ன ஆயிற்று? திறந்து பார்த்ததில் குற்றம் முழுவதும் செயலியுடையது அன்று என்று தெரிந்தது. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே, சுழலும் வன்தட்டும் களைத்திருந்தது. சிஸ்டரின் யோசனைப்படி தோழியின் மாமா சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று கூடுதல் நினைவகமும், சுழலாத எஸ்.எஸ்.டி. தட்டு ஒன்றும் வாங்கி வந்தார். விண்டோஸை நீக்கி, கட்டணமில்லாத லினக்ஸை நிறுவினோம். முதல் முறை நிறுவியது பாதியில் நின்றுவிட்டது. மதிய இடைவேளையில் மீண்டும் முயன்றோம். நம் நாட்டின் பாஸ் என்னும் லினக்ஸைச் சென்னை சி-டாக் உருவாக்கியது என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

இப்போது அதில் பன்னிரண்டாம் வகுப்புப் பைதான் பயிற்சிகள் யாவும் ஓடுகின்றன. மின்கலம் செத்துவிட்டதால் எப்போதும் சுவரோடு கட்டிப்போட்டபடி இருக்கிறது. பெரிய காணொளிகள் மட்டும் திக்கித் திக்கித்தான் வருகின்றன.