கைபேசி மாறலாம், கணக்கு கலையலாகாது



சாந்தோம் நெடுஞ்சாலையிலும் கச்சேரி சாலையிலும் உள்ள மளிகைக் கடைகளில் இன்று கல்லாப் பெட்டிக்கு அடுத்த முக்கியமான பொருள் கைபேசிதான். வாடிக்கையாளரின் மாதச் சாமான் பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறது. பணம் யு.பி.ஐ. வழியாக வருகிறது. எங்களைப் போன்ற மொத்தக் கடைகளுக்குச் சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கு எழுதி அனுப்புவதும், நாங்கள் பில்லைப் படம் எடுத்து அனுப்புவதும், பாக்கி எவ்வளவு என்று பேசி முடிப்பதும் அதில்தான் நடக்கின்றன.

இந்த நிலையில், ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களில் சிலர் ஐபோனுக்கு மாறுகிறார்கள். வேறு சிலர் ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குத் திரும்புகிறார்கள். எது நல்லது என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமல்ல. மாறும்போது கடைக் கணக்கு கலையாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதே இங்கு நாம் பார்க்கப்போவது.

இயங்குதளம் என்றால் என்ன?

கைபேசிக்குள் இருந்துகொண்டு எல்லா வேலைகளையும் நடத்தும் அடிப்படை ஏற்பாட்டுக்கு இயங்குதளம் என்று பெயர். பெரும்பாலான கைபேசிகளில் இருப்பது கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு. ஐபோனில் இருப்பது ஆப்பிள் நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ்.

நாம் தமிழில் எழுதிய பேரேட்டையும், சௌகார்பேட்டை வியாபாரி தம் எழுத்தில் எழுதிய பேரேட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் சரியான கணக்குகளே. ஆனால் ஒரு கணக்குப்பிள்ளையால் மற்றொன்றைப் படிக்க முடியாது. இயங்குதளங்களும் அப்படித்தான். சிம் அட்டையை எடுத்துப் புதிய கைபேசியில் போட்டால் எண் வந்துவிடும். பேரேடு தானாக வராது.

ஸ்ரீபெரும்புதூர் தரும் பாடம்

நம் ஊருக்கு அருகிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் நம் கடைகளில் பெரும்பாலும் நோக்கியாதான். 2011 பிப்ரவரியில் அந்த நிறுவனம் தன் பழைய சிம்பியான் இயங்குதளத்தைக் கைவிட்டு, மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனுக்கு மாறப்போவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் அதன் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியது. வரி வழக்கின் காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது.

பழைய கைபேசி வைத்திருந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பும் ஒவ்வொன்றாக நின்றது. நோக்கியா எஸ்60 வகைக்கு 2017 ஜூன் 30, எஸ்40 வகைக்கு 2018 டிசம்பர் 31, விண்டோஸ் போனுக்கு 2019 டிசம்பர் 31 கடைசி நாளாக இருந்தன.

இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன. இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்று. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் அதன் இயங்குதளம் நிரந்தரம் என்று எண்ணக்கூடாது. கடைக் கணக்கு எந்தக் கைபேசியிலும் படிக்கும்படி இருக்கவேண்டும்.

எது கூட வரும், எது வராது?

கைபேசி எண் வரும். பெயர் முகவரிப் பட்டியல் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால், அந்தக் கணக்கை ஐபோனில் சேர்த்தவுடன் வந்துவிடும். கைபேசியிலோ சிம்மிலோ மட்டும் சேமித்திருந்தால் முதலில் கூகுள் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டை அப்படியே இருக்கலாம். அது வங்கிக் கணக்கைச் சார்ந்தது, கைபேசியைச் சார்ந்ததல்ல. வாடிக்கையாளர் செலுத்தும் பணம் தடையின்றி வரும்.

ஆனால் நாம் பணம் அனுப்புவதில் தடை உண்டு. புதிய கைபேசியில் யு.பி.ஐ. பதிவு செய்த முதல் 24 மணி நேரத்துக்கு ரூ.5,000 வரைதான் அனுப்ப முடியும். ஐபோனில் பல வங்கிகள் இந்தக் கட்டுப்பாட்டை 72 மணி நேரம் வரை வைத்துள்ளன. மொத்தக் கடைக்கு ரூ.30,000 தரவேண்டிய நாளில் கைபேசியை மாற்றினால் சரக்கு வண்டி காத்து நிற்கும்.

வாட்ஸ்அப் விஷயத்தில்தான் அதிகக் கவனம் தேவை. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவில் எடுத்துவைக்கும் வாட்ஸ்அப் நகலை ஐபோன் திறக்காது. ஐபோனில் ஐகிளவுடில் எடுத்த நகலை ஆண்ட்ராய்டு திறக்காது. புதிய கைபேசியில் அதே எண்ணைப் பதிவு செய்தால் குழுக்களில் நம் பெயர் இருக்கும், ஆனால் பழைய செய்திகளும் பில் படங்களும் இருக்கமாட்டா.

இவற்றை மாற்ற முறையான வழி உண்டு. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போக, ஆப்பிளின் 'மூவ் டு ஐ.ஓ.எஸ்.' செயலி மூலம் வாட்ஸ்அப்பையும் கொண்டுபோகும் வசதி 2022-இல் வந்தது. ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வர, இரு கைபேசிகளையும் கம்பியால் இணைத்து மாற்றும் வசதி 2021-இல் வந்தது. இரண்டிலும் ஒரே நிபந்தனை: புதிய கைபேசியை முதன்முதலாகத் திறந்து அமைக்கும்போதே இதைச் செய்யவேண்டும். இரண்டு நாள் பயன்படுத்திய பிறகு நினைவு வந்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

பழைய பில்கள் போனால் போகட்டும் என்று இருக்கவும் முடியாது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். பாக்கி விஷயமும் அப்படியே. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒத்துக்கொண்ட தொகை அந்தச் செய்திகளில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் பல வருடப் பழக்கம் ஒரு நாளில் மனஸ்தாபமாக முடியலாம்.

வாங்கும் முன் கேட்கவேண்டியவை

நீங்கள் பயன்படுத்தும் பில் போடும் செயலி புதிய இயங்குதளத்தில் கிடைக்கிறதா? கடையில் உள்ள சிறிய பில் பிரிண்டர் அதனுடன் இணையுமா? ஆண்ட்ராய்டுடன் மட்டும் வேலை செய்யும் பிரிண்டர்கள் பல உண்டு. ஐபோனில் மெமரி கார்டு போட இடமில்லை. இந்தியாவில் விற்கும் பெரும்பாலான ஐபோன்களில் ஒரு சிம் அட்டைதான் போடமுடியும். இரண்டாவது எண்ணை இ-சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதுபவர்கள் கவலைப்பட வேண்டாம். இரண்டிலும் தமிழ் விசைப்பலகை உண்டு.

செய்யவேண்டிய வரிசை

1. நாள் பாருங்கள். மாதத்தின் முதல் வாரம் சாமான் பட்டியல் குவியும். 11, 20 தேதிகள் மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்கு தருவோருக்கு முக்கியமானவை. பண்டிகைக்கு முந்திய நாட்களும் ஆகா.

2. வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி இரண்டையும் நோட்டில் எழுதி, சம்பந்தப்பட்டவர்களிடம் தொகையைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

3. முக்கியமான வாட்ஸ்அப் உரையாடல்களை 'எக்ஸ்போர்ட் சாட்' என்ற வசதியால் மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். அதை எந்தக் கைபேசியிலும் கணினியிலும் படிக்கலாம். பில் படங்களைக் கணினியில் மாதவாரியாகச் சேமியுங்கள்.

4. பெரிய தொகைகளை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். அல்லது மூன்று நாளுக்குக் காசோலையைக் கையில் வைத்திருங்கள்.

5. கடை மூடிய பிறகு, அவசரமில்லாமல் மாற்றுங்கள். விற்பவர் உதவலாம். ஆனால் யு.பி.ஐ. ரகசிய எண்ணையும் ஓ.டி.பி.யையும் நீங்களே போடவேண்டும்.

6. பழைய கைபேசியைப் பத்து நாளாவது கொடுக்காதீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பின், கணக்குகளை நீக்கி, முழுவதும் அழித்துவிட்டு விற்கலாம்.

ஆறாவது விதி நம் முன்னோர்களுக்குத் தெரிந்ததுதான். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது அணா உடனே மறைந்துவிடவில்லை. இரண்டும் சில காலம் சேர்ந்தே புழங்கின. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்று வியாபாரிகள் இரண்டு கணக்கையும் பார்த்தே விற்றார்கள்.

கைபேசிக்குக் கொடுக்கும் விலையை விட அதற்குள் இருக்கும் பாக்கிக் கணக்கு பெரியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது வணிகர் மறக்கக்கூடாத பழமொழி. அளந்து வைத்துக்கொண்டு மாறுங்கள்.